நடுவில் இருக்கும் ஊர்கள்: சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடமும் பாலாற்றுப் பகுதியும்

2014 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கை, சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று புதிய நகரங்களுக்குப் பெருந்திட்டம் தயாரிக்கப்படும் என்றது. தமிழ்நாட்டில் பொன்னேரி, ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டணம், கர்நாடகத்தில் துமகூரு. ஒரு வரைபடத்தை விரித்து இந்த மூன்று ஊர்களையும் குறித்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். பொன்னேரி சென்னைக்கு வடக்கே இருக்கிறது. கிருஷ்ணபட்டணம் அதற்கும் வடக்கே, நெல்லூர்க் கடற்கரையில். துமகூரு பெங்களூரைத் தாண்டி வடமேற்கே. மூன்றில் ஒன்றுகூடச் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் இல்லை.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் இந்த வழித்தடத்துக்கான திட்டத்தை வகுத்தபோது அதன் கவனம் துறைமுகங்களின் மேல் இருந்தது. பொன்னேரிக்குப் பக்கத்தில் எண்ணூரும் காட்டுப்பள்ளியும் இருக்கின்றன. கிருஷ்ணபட்டணமே ஒரு துறைமுகம். துமகூரில் பெரும்பரப்பாக நிலம் கிடைத்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை கிருஷ்ணபட்டணத்துக்கு ஏறத்தாழ 2,139 கோடி ரூபாய்க்கும், துமகூருக்கு ஏறத்தாழ 1,701 கோடி ரூபாய்க்கும் ஒப்புதல் தந்தது. பொன்னேரி அந்த ஒப்புதலில் இல்லை. 2024 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் 12 தொழில் நகரங்கள் அறிவிக்கப்பட்டபோது, இதே வழித்தடத்தைக் கோவை வழியாகக் கொச்சிவரை நீட்டுவதன் பேரில் பாலக்காடு இடம்பெற்றது. தமிழ்நாட்டு ஊர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் வழித்தடத்தின் நடுவில் என்ன இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர். தமிழ்நாட்டின் உற்பத்தித் தொழிலில் கணிசமான பங்கு இந்தச் சாலையின் இருமருங்கிலும்தான் நடக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையை வைத்து வட்டாரத்தை வளர்க்கிறோம் என்று அரசுகள் சொல்லும்போது, திட்டமாக உருப்பெறுவது இரண்டு முனைகளும் அவற்றை இணைக்கும் வேகமும்தான். நடுவில் இருக்கும் நிலமும் நீரும் மக்களும் அந்தத் திட்டத்தில் கடக்க வேண்டிய தூரமாகவே இடம்பெறுகிறார்கள். இப்போது அந்த நடுப்பகுதியையே விட்டு விலகி ஒரு புதிய விரைவுச்சாலை உருவாகிவரும் நேரத்தில், இந்தப் பிழையின் விலையைக் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இந்தத் தடம் பழையது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடியது. ராணிப்பேட்டையில் படை முகாம் இருந்தது. பின்னர் பாரி நிறுவனத்தின் உரத் தொழிற்சாலை வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனத் தோல் பதனிடும் ஊர்கள் பாலாற்றுப் பகுதியில் வரிசையாக எழுந்தன. தோல் பதனிட ஏராளமாக நீர் வேண்டும். பாலாற்று மணலுக்கடியில் நல்ல நீர் இருந்தது. பதனிட்ட தோல் ரயிலேறிச் சென்னைத் துறைமுகம் போய்க் கப்பலேறியது. சாலைக்கு முன்பே நீரும் ரயிலும்தான் இந்தத் தடத்தில் தொழிலைக் கொண்டுவந்து வைத்தன.

சாலை பெரிதானது வாஜ்பாய் ஆட்சிக்காலத்தில். தங்க நாற்கரத் திட்டத்தின் சென்னை–மும்பை கரம் இந்த ஊர்களின் வழியாகவே போயிற்று. அதுவரை வாலாஜாவரை ஓர் எண், அங்கிருந்து கிருஷ்ணகிரிவரை வேறோர் எண், அதற்குமேல் இன்னோர் எண் என்று துண்டுதுண்டாக இருந்த சாலை நான்கு வழியாக ஒரே சீராயிற்று. இப்போது அதன் எண் 48. நாற்கரச் சாலையால் விளைந்த பொருளாதார மாற்றத்தை எஜாஸ் கனி, ஆர்த்தி குரோவர் கோஸ்வாமி, வில்லியம் கெர் ஆகிய மூவர் விரிவாக ஆராய்ந்தார்கள். சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் தொழில் உற்பத்தி தெளிவாகக் கூடியது. 10 முதல் 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மாவட்டங்களில் அத்தகைய பலன் தென்படவில்லை. நெடுஞ்சாலை ஒரு வட்டாரத்தை வளர்க்கிறது என்று பொதுப்படையாகச் சொல்லும் எவரும் இந்த 10 கிலோமீட்டர் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சீனாவின் நெடுஞ்சாலைகளைப் பற்றி பெஞ்சமின் ஃபேபர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. பெருநகரங்களை இணைக்கப் போட்ட சாலை நடுவில் தற்செயலாகத் தொட்டுச் சென்ற சிறு மாவட்டங்களில், சாலையே இல்லாத ஒத்த மாவட்டங்களைவிடத் தொழில் வளர்ச்சி குறைந்தது என்று அவர் கண்டார். போக்குவரத்துச் செலவு குறையும்போது சிறு ஊரின் பொருள் பெருநகரச் சந்தைக்குப் போவது எளிதாகிறது, உண்மைதான். பெருநகர ஆலையின் பொருள் சிறு ஊருக்கு வருவதும் அதே அளவுக்கு எளிதாகிறது. எந்தத் திசையில் ஓட்டம் அதிகம் என்பதைத் தீர்மானிப்பது தார் அல்ல. அந்த ஊரில் வேறு என்னென்ன ஏற்பாடுகள் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. திட்டமிடுபவரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

1971இல் தமிழ்நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தொழில் வளாகங்கள் அமைக்கும் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டமும் வந்தது. நகரங்களுக்கு மட்டுமல்லாமல் பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரங்களுக்கும் திட்டம் தீட்ட அந்தச் சட்டம் இடம் தந்தது. சிப்காட் ராணிப்பேட்டையில் தொடங்கி, ஓசூர், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், செய்யாறு என வளர்ந்துகொண்டே போயிற்று. நிலத்தை எடுத்து, மனை பிரித்து, சாலை போட்டு, 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது அதன் வேலை. அதைச் செம்மையாகவே செய்தது. வட்டாரத் திட்டம் என்ற மற்ற பாதி அப்படி வளரவில்லை. நடைமுறையில் இருந்ததெல்லாம் தனித்தனி ஊர்களுக்கான முழுமைத் திட்டங்கள். ஆலை வளாகத்தின் மதிலுக்கு உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று யோசிக்க ஓர் அமைப்பு இருந்தது. மதிலுக்கு வெளியே யார் எங்கே தங்குவார்கள், எந்த ஏரியின் நீரைக் குடிப்பார்கள், எந்த ஓடையில் கழிவு போகும் என்று சேர்த்து யோசிக்க எந்த அமைப்பும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் இது எப்படி விளைந்தது என்று பார்க்கலாம். 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. 1998இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியாவின் கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வரித் தகராறும், நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை விட்டுவிட்டு வாங்கியதும் சேர்ந்து, 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது. எட்டே ஆண்டுகள். ஒரு பெண் பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்து, நகை சேர்த்து, கல்யாணம் ஆகும் காலம் அது. அதற்குள் ஆலையின் ஆயுள் முடிந்துவிட்டது. பின்னாளில் அதே வளாகத்துக்கு வேறு நிறுவனங்கள் வந்தன, மின்னணுத் தொழில் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது, ஐபோன் இங்கே உருவாகிறது. இவையெல்லாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் 2014இல் வேலை இழந்த பெண்களைத் தாங்கிப் பிடிக்க அந்த வட்டாரத்தில் என்ன இருந்தது என்பதற்குத் திட்ட ஆவணங்களில் பதில் இல்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் சந்திப்பில் நின்று பார்த்தால் இந்தத் தொழில் பகுதி எதன்மேல் நிற்கிறது என்பது விளங்கும். சர்வீஸ் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். சிலர் பக்கத்துத் தெருக்களில் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்துகொண்டு தங்குபவர்கள். சிலர் திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். பயணத்துக்கே நாளில் சில மணி நேரம் போய்விடும். வடமாநிலப் பையன்கள் வேறு தெருவில் வேறு கடைகளில் கூடுவார்கள். ஆலையில் கண்டிப்பான தரக்கட்டுப்பாடு இருக்கிறது. இந்த அறைகளின் வாடகைக்கும் கழிப்பறைக்கும் காற்றோட்டத்துக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

2021 டிசம்பரில் இது வெடித்தது. ஒரு மின்னணு ஆலைக்காக வெளி ஒப்பந்தக்காரர் நடத்திய விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத மற்ற பெண்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதன்பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தைச் சுமார் 706 கோடி ரூபாயில் சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல காரியம். இந்தியாவில் இந்த அளவில் தொழிலாளர் தங்குமிடத்தை ஓர் அரசு நிறுவனம் கட்டியது பெரிய செய்திதான். என்றாலும் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசித் தொழில் தொடங்கியது 2006இல். நடுவில் 18 ஆண்டுகள். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஆலைக்கு முன்பே வந்து நிற்கும்போது, தொழிலாளியின் படுக்கை மட்டும் ஏன் ஒரு தலைமுறை தாமதமாக வருகிறது?

தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. கோயம்பேட்டில் சென்னையின் சாக்கடை நீரைச் சவ்வூடு முறையில் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் குழாய் வழி அனுப்பும் திட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஏரி நீர் குடிக்க, கழிவு நீர் ஆலைக்கு. இதுதான் வட்டாரத் திட்டமிடல். நகரத்தின் கழிவையும் ஆலையின் தேவையையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்ததால் பிறந்த யோசனை இது. இதை முன்கூட்டியே செய்திருந்தால் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிய ஊர்களின் நிலத்தடி நீர் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

வாலாஜாவைத் தாண்டினால் கதை வேறு. நந்தி மலையில் பிறக்கும் பாலாறு கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் கொஞ்ச தூரம் ஓடி, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. ஓடுகிறது என்பது பழக்கத்தில் வரும் சொல். ஆண்டின் பெரும்பகுதி அது மணல் வெளிதான், மணலும் பல இடங்களில் அள்ளப்பட்டுவிட்டது. நெடுஞ்சாலை இந்த ஆற்றை ஒட்டியே கிருஷ்ணகிரி நோக்கிப் போகிறது. ஆற்றங்கரையில் உள்ள தோல் பதனிடும் ஷாப்களிலிருந்து பல பத்தாண்டுகள் உப்பும் குரோமியமும் கலந்த நீர் நிலத்தில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தந்த தீர்ப்பு இந்தியச் சூழல் சட்டத்தையே மாற்றியது. கெடுத்தவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டம் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. தோல் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

35,000 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 86,000 ஏக்கர். எந்தத் தொழில் நகருக்கும் எந்த விமான நிலையத்துக்கும் இவ்வளவு நிலத்தை எடுக்க யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். அறிவிக்கை இல்லாமல், இழப்பீடு இல்லாமல், கிணற்றின் வழியாக இந்த நிலம் எடுக்கப்பட்டது. தென்னை மட்டை காய்ந்தது, கரும்பு குட்டையாயிற்று, பலர் கறவை மாட்டை விற்றுவிட்டு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். அந்த மண்ணில் நெல் விளைவித்த குடும்பத்துப் பெண்தான் இன்று ஆம்பூரில் தையல் எந்திரத்தின்முன் உட்கார்ந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறார். அவருக்கு வேலை தந்ததும் அவர் அப்பாவின் கிணற்றைக் கெடுத்ததும் ஒரே தொழில். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை அறிந்தவர்கள் அல்லர்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்த குரோமேட் ரசாயன ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுவிட்டது. மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து வெளியேறும். 2006இல் உலகின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது. 2015 ஜனவரியில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு தந்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். ஒரு வட்டாரத்தின் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நீதிமன்றம் செய்ய நேர்ந்தது என்றால், அதைச் செய்ய வேண்டிய அமைப்பு உருவாக்கப்படவே இல்லை என்றுதான் பொருள். பெருவழித்தடத் திட்டங்கள் ராணிப்பேட்டையை முதலீட்டுக்கு உகந்த இடம் என்கின்றன. அதன் நிலத்தடியில் இருக்கும் குரோமியத்துக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

ஓசூரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய உண்டு. 1970களில் பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தின் எல்லை ஊராக இருந்த இடம் அது. அரசு நிலத்தையும் சலுகையையும் கொடுத்து, பெங்களூரின் நெருக்கத்தை வாய்ப்பாக மாற்றியது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர்ப் பிள்ளைகளை எடுத்துக் கடிகார வேலைக்குப் பழக்கியது. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அதனால்தான் ஓர் ஆலை தடுமாறினாலும் ஊர் தடுமாறவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போனபோது நேர்ந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தச் சிறு பட்டறைகளில் இருக்கிறது. இப்போது மின்சார ஸ்கூட்டரும் ஐபோன் உதிரிபாகமும் அந்த வட்டாரத்தில் உருவாகின்றன.

ஆனால் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குப் போனால் தென்பெண்ணை நீர் மதகிலிருந்து நுரை நுரையாகப் பொங்கி வெளியேறுவதைப் பார்க்கலாம். பெங்களூரின் கழிவு அது. காற்றில் நுரை பறந்து வயலில் விழும். வழித்தடம் மாநில எல்லையை எளிதாகக் கடக்கிறது, சரக்கும் முதலீடும் கடக்கின்றன, கழிவும் கடக்கிறது. திட்டமிடும் அதிகாரம் மட்டும் எல்லை ஊரான அத்திப்பள்ளியில் நின்றுவிடுகிறது. ஓசூருக்கும் தருமபுரிக்கும் குடிநீர் தர ஒகேனக்கல்லிலிருந்து 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டுத் தனித் திட்டம் போட வேண்டியிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னை முனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை 2009இல் தொடங்கி 2012இல் நின்றது. கூவத்தின் ஓரத்தில் தூண்கள் பத்தாண்டுகள் அப்படியே நின்றன. 2022 மே 26ஆம் தேதி அதற்குப் புதிதாக அடிக்கல் நாட்டினார்கள். மப்பேடு சரக்கு முனையத்துக்கும் அன்றே அடிக்கல். மதுரவாயல்–வாலாஜா சாலை இருந்த லட்சணத்தைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம், 2020 டிசம்பரில் அந்தச் சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்றது. கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள் துறைமுக வாசலில் காத்துக் கிடந்த பகல்களையும் இரவுகளையும் யாரும் கணக்கிட்டு ஈடு தரவில்லை.

அதே 2022 மே 26ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்ட இன்னொன்றுதான் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை. 262 கிலோமீட்டர், 14,870 கோடி ரூபாய், நான்கு வழி. ஒசகோட்டேயில் தொடங்கி, தங்கவயல், பலமநேர், சித்தூர், ராணிப்பேட்டை வட்டாரம், காஞ்சிபுரம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் அருகே முடிகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் இதன் பெரும் வாக்குறுதி. வேலூர் நகரம், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் எதுவும் இதன் மேல் இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட நுழைவு என்பதால், பழைய சாலையைப் போல எந்த ஊரிலும் இறங்கி டீ குடித்துவிட்டுப் போக முடியாது. இறங்கும் வழி உள்ள சில இடங்கள்தான் உலகத்தோடு சேரும். மற்ற ஊர்களுக்கு அது வயலின் குறுக்கே எழுந்த உயரமான மேடு. மறுபக்கத்து நிலத்துக்கு மாட்டை ஓட்டிப்போகச் சுரங்கப்பாதை எங்கே என்று தேட வேண்டியதுதான்.

10 கிலோமீட்டர் கணக்கை மறுபடி நினைவுபடுத்துகிறேன். விரைவுச்சாலையில் அந்தப் பலன், சாலை நெடுக அல்லாமல், இறங்கும் வழிகளைச் சுற்றி மட்டும் குவியும். அந்த இடங்கள் எவை என்று தெரிந்தவுடன் புரோக்கர்கள் அங்கே போய்விடுவார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாட்டா மோட்டார்ஸ் 470 ஏக்கரில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் காலணி ஆலைக்கும் அங்கேயே அடிக்கல் விழுந்தது. 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. தோல் அல்லாத காலணிக்கு மாறுவது பாலாற்றுக்கு நல்ல சேதி. ஏற்கெனவே செய்யாற்றில் அத்தகைய ஆலை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தந்திருக்கிறது. ஆனால் 25,000 பேர் வந்து சேரும் ஒரு சிறு பேரூரில் குடிநீரும் சாக்கடையும் வாடகை வீடும் பேருந்தும் குழந்தைக் காப்பகமும் ஆலை திறக்கும் அன்றே இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரின் 18 ஆண்டுகளை மறுபடியும் வாழ்ந்து பார்க்கத் தேவையில்லை.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், மக்களிடம் முன்கூட்டியே சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும் என்றது. தமிழ்நாடு தன் தொழில் நிலமெடுப்புச் சட்டத்துக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் அதிலிருந்து விலக்கு அளித்துக்கொண்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், சில வாரங்களுக்குள் புதிய சட்டம் கொண்டுவந்து பழையதை உயிர்ப்பித்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி அரசு வென்றது. ஆனால் கேட்காமல் எடுக்கும் நிலம் பிறகு ஒவ்வொரு திட்டத்திலும் எதிர்ப்பாகத் திரும்பி வருகிறது. சேலம் எட்டு வழிச்சாலையில் வந்தது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் வந்தது. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா பகுதியில் போராடிய விவசாயிகள்மேல் 2023இல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அரசு பின்வாங்க நேர்ந்தது. சமூகத் தாக்க ஆய்வைத் தொழிலுக்குத் தடை என்று கருதுவது தவறு. எந்த நிலம் மூன்று போகம், எது தரிசு, எந்த ஏரி எந்த ஏரிக்கு வடிகால், யார் குத்தகைக்கு உழுகிறார் என்ற விவரம் ஊராரிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத திட்டம் குருட்டுத் திட்டம். பாலாற்றுப் பகுதியில் உப்பேறி விளையாமல் கிடக்கும் நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்க, நல்ல நஞ்சையைத் தேடிப் போவதற்கு என்ன நியாயம்?

செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களைச் சேர்த்து ஒரு வட்டாரத் திட்டப் பகுதியாக அறிவிக்கலாம். எல்லைக்கோடு மாவட்டத்தைப் பார்த்து வரையப்படாமல் பாலாற்று வடிநிலத்தைப் பார்த்து வரையப்பட வேண்டும். விரைவுச்சாலை முழுதாகத் திறக்குமுன் ஒவ்வோர் இறங்குவழியைச் சுற்றியும் எங்கே ஆலை, எங்கே வீடு, எங்கே கட்டவே கூடாது என்று அறிவித்துவிட வேண்டும். நிலம் கைமாறிய பிறகு அறிவித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ராணிப்பேட்டையின் குரோமியக் குவியலை அகற்றும் செலவைத் தொழில் மேம்பாட்டுச் செலவின் முதல் இனமாக வைக்க வேண்டும். கோயம்பேட்டில் செய்ததை வேலூரின் சாக்கடை நீருக்கும் செய்து பனப்பாக்கத்து ஆலைகளுக்குக் கொடுக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு தொழில் வளாகத்திலும் பத்தில் ஒரு பங்கு இடமாவது உள்ளூர்ச் சிறு பட்டறைகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் ஒதுக்கப்பட வேண்டும். வளாகத்தைச் சுமக்கும் ஊராட்சிகளுக்கு அதன் வரி வருவாயில் உரிய பங்கு போக வேண்டும், குப்பையும் சாக்கடையும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஆம்பூரையும் வாணியம்பாடியையும் விரைவுச்சாலையின் இறங்குவழிகளோடு இணைக்கும் கிளைச் சாலைகளை அந்தச் சாலையின் மதிப்பீட்டிலேயே சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால் மாநில நெடுஞ்சாலைத் துறை அடுத்த நிதிநிலை அறிக்கையில் அதற்குப் பணம் ஒதுக்கட்டும்.